ஜீப்ரா கோட்டில் வண்டி ஏன் நிற்பதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்துச் செய்தி பெரிதாக வந்த மறுவாரம் வாசகர் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இடம்பெறும்: 'நம் மக்களுக்குச் சாலை ஒழுக்கமே இல்லை.' வண்டி ஓட்டுகிறவர் எழுதினால் குற்றவாளி, கைப்பேசியைப் பார்த்தபடி குறுக்கே வரும் பாதசாரி. நடக்கிறவர் எழுதினால் குற்றவாளி, ஹாரனை அழுத்திக்கொண்டே வரும் ஓட்டுநர். இரு தரப்பும் குணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஜீப்ரா கோட்டுக்கு முன்னால் உள்ள முப்பது நாற்பது மீட்டரில் என்ன நடக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தத் தூரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காத ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கோட்டுக்கு வந்து சேரும்போது அவரால் வழி விட முடியாது.

சட்டத்தில் குழப்பம் இல்லை. சிக்னல் இல்லாத ஜீப்ரா கோட்டில் முன்னுரிமை பாதசாரிக்கே. 1989-ல் வந்த சாலை விதிமுறைகள் இதைச் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் இதையே சொல்கின்றன. முன்னால் வண்டிகள் தேங்கி நிற்கும்போது கோட்டின் மேல் ஏறி நிற்பதும் விதிமீறல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 177ஏ பிரிவின்படி இந்த விதிமுறைகளை மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். பழகுநர் உரிமத் தேர்விலேயே இதற்கு ஒரு கேள்வி உண்டு: கோட்டருகே பாதசாரிகள் கடக்கக் காத்திருந்தால் என்ன செய்வீர்கள்? ஹாரன் அடித்துவிட்டுச் செல்வது, வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்துச் செல்வது, நிறுத்தி அவர்கள் கடந்த பின் செல்வது என மூன்று விடைகள் கொடுத்திருப்பார்கள். எல்லாரும் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துப் பாஸாகிறார்கள். பிறகு வாரக்கணக்கில் எட்டுப் போடப் பழகுகிறார்கள். கோட்டின் முன் நிறுத்தப் பழகுவதில்லை.

இனிக் கணக்கு. ஆள் இறங்குவதைக் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகும். அதுவரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இந்த ஒன்றரை நொடியில் 12.5 மீட்டர், பிறகு காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் பிடித்தால் இன்னும் 5 மீட்டர். மொத்தம் பதினேழரை மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50-ல் யோசிக்கும் நேரத்துக்கே 21 மீட்டர் போய்விடும், பிரேக் தூரம் 14 மீட்டர், மொத்தம் 35. அதாவது 30-ல் வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தை, 50-ல் வந்த வண்டி பிரேக்கைத் தொடும் முன்பே முழு வேகத்தில் தாண்டியிருக்கும். 60 என்றால் நிற்க 45 மீட்டர் வேண்டும். மழையில் பிரேக் தூரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். முதல் மழைக்கு எண்ணெய்ப்பசை மிதக்கும் சாலையில் இன்னும் மோசம்.

சென்னையில் 2023 நவம்பரில் அறிவித்த வேக வரம்புப்படி காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கு 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் 30. இந்த 30-ஐக் கேலி செய்கிறவர்கள் மேலே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். கார் மோதும் வேகம் 50-லிருந்து 65-க்கு ஏறினால் பாதசாரி சாகும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆகவே ஓட்டுநர் செய்ய வேண்டிய வேலை கோட்டுக்கு வெகு முன்பே தொடங்குகிறது. சிவப்பு விளிம்புள்ள முக்கோணத்தில் ஆள் நடக்கும் படம் தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் வர வேண்டும். யாரும் நிற்காவிட்டாலும்தான். முதலில் ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது யார் என்று ஒரு பார்வை. பிறகு பிரேக்கை இலேசாக இரண்டு முறை தொட்டால் பின்விளக்கு எரிந்து பின்னால் வருகிறவருக்குச் செய்தி போய்விடும். 'திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருபவன் இடிப்பான்' என்பதுதான் நிறுத்தாமல் போகிறவர்கள் சொல்லும் முதல் காரணம். அந்தப் பயம் நியாயமானது. அதற்கு மருந்து சீக்கிரமே வேகத்தைக் குறைப்பது. இருசக்கர வாகனத்தில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். வழவழப்பான வெள்ளைப் பெயின்ட் மீது, அதிலும் மழையில், முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். கோட்டுக்கு முன்னால் போட்டிருக்கும் நிறுத்தக்கோட்டிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நின்ற பிறகு நிஜமாகவே நிற்க வேண்டும். இன்ச் இன்ச்சாக நகர்வது, ஆக்சிலரேட்டரை உறுமவிடுவது, ஹாரனைத் தட்டுவது எல்லாம் நடுவழியில் இருப்பவரை ஓட வைக்கும்; ஓடுகிறவர் தடுக்கி விழுவார், அல்லது அடுத்த லேனைப் பார்க்காமல் பாய்வார். அவர் நம் வண்டியைக் கடந்தால் போதாது, நடு மீடியனையோ எதிர் ஓரத்தையோ அடையும்வரை பொறுக்க வேண்டும். 14 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்கச் சுமார் 12 நொடி. முழங்கால் வலியுள்ள மூத்தவர் நொடிக்கு 0.9 மீட்டர் நடந்தால் 15 நொடிக்கு மேல். ஓட்டுநர் இழப்பது இவ்வளவுதான்.

அடுத்துச் சொல்லப்போவது அதிகம் பேசப்படாதது. வழி விடும் ஓட்டுநரே அறியாமல் செய்யும் ஆபத்து இது. நாலு வழிச் சாலையில் இடது ஓரத்தில் வரும் பேருந்து ஓட்டுநர் ஒரு பெண்மணியைப் பார்த்து நிறுத்தி, 'வாங்கம்மா' என்று கையசைக்கிறார். அவரும் நன்றியோடு பேருந்தின் முன்னால் நடக்கிறார். பேருந்து ஏன் நின்றது என்று தெரியாத ஒரு பைக், 'ஆள் ஏற்றுகிறான் போல' என்று நினைத்து அதன் வலப்பக்கமாக வேகமாக வருகிறது. பேருந்தின் உடம்பு இருவரையும் ஒருவருக்கொருவர் மறைத்துவிடுகிறது. அவர் பேருந்தின் நிழலைவிட்டு வெளியே ஓர் அடி வைக்கும் கணத்தில்தான் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். அப்போது இடையில் இருப்பது நாலைந்து மீட்டர்.

இதைத் தவிர்க்க மூன்று பேருமே ஏதாவது செய்ய முடியும். நிறுத்துகிற வண்டி கோட்டை ஒட்டி நிற்காமல் ஐந்தாறு மீட்டர் முன்பே நின்றால் மறைப்பு விலகிவிடும், பக்கத்து லேனில் வருகிறவர் கண்ணுக்கு ஆள் படுவார். பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்கு இது இரட்டைப் பயன். உயரமான இருக்கையிலிருந்து பார்க்கும்போது முகப்புக்கு நேர் கீழே நிற்கும் குழந்தை தெரியவே தெரியாது. பின்னால் வருகிறவர், கோட்டருகே ஒரு வண்டி நின்றால் அதன் முன்னால் ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு தானும் நிறுத்த வேண்டும். அங்கே முந்திச் செல்வது கூடவே கூடாது. கடக்கிறவரோ, நின்ற வண்டியின் விளிம்புக்கு வந்ததும் தானும் ஒரு நொடி நின்று, தலையை நீட்டி அடுத்த லேனைப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். முதல் வண்டி நின்றதால் சாலை முழுவதும் நின்றுவிட்டது என்று பொருளில்லை.

அந்தக் கையசைப்பையும் விட்டுவிடுவது நல்லது. 'நான் நிற்கிறேன்' என்று சொல்ல மட்டுமே ஓட்டுநருக்கு அதிகாரம் உண்டு. 'நீ வா, வழி சரியாக இருக்கிறது' என்று சொல்ல அவருக்குப் பக்கத்து லேனின் நிலவரம் தெரியாது. நின்று, ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தாலே போதும். பாதசாரி தானே பார்த்து வருவார்.

ஹெட்லைட் விவகாரம் இதைவிடச் சிக்கல். ஒருமுறை 'டிப்' அடித்தால் நம் ஊரில் பெரும்பாலும் 'நான் வருகிறேன், நில்' என்று அர்த்தம். வெளிநாட்டில் ஓட்டிவிட்டு வந்த சிலர் 'நீங்கள் போங்கள்' என்பதற்கு அதே டிப்பை அடிக்கிறார்கள். ஒரே சைகைக்கு நேரெதிரான இரண்டு பொருள் இருந்தால் அதை நம்பிச் சாலையில் இறங்கக் கூடாது. போதாக்குறைக்கு 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த இருசக்கர வாகனங்களில் பகலிலும் முன்விளக்கு தானாக எரியும். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது அது டிப் அடிப்பது போலவே தெரியும். விளக்கை விட்டுவிட்டு வண்டியின் முகப்பைப் பாருங்கள். பிரேக் பிடித்த காரின் முன்பக்கம் இலேசாகத் தாழும், பைக்கின் முன் ஃபோர்க் அமுங்கும். அதுதான் பொய் சொல்லாத சைகை.

பாதசாரிகளுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. கடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். வளைவு, பாலத்தின் ஏற்ற முனை, நிறுத்தி வைத்த லாரி, ஓரத்துக் குப்பைத்தொட்டி ஆகியவற்றை ஒட்டி இறங்கக் கூடாது. பேருந்தைவிட்டு இறங்கியவர்கள் அது கிளம்பிப் போகும்வரை பொறுத்தால், இருபக்கமும் தெளிவாகத் தெரியும். அந்த அரை நிமிடம் பொறுக்காததுதான் பேருந்து நிறுத்தங்களில் பலரும் செய்யும் பிழை. முதலில் வலப்புறம் பார்க்க வேண்டும், நடு மீடியனுக்குப் போன பிறகு இடப்புறம். ஆனால் ஒருவழிச் சாலையிலும் இரண்டு பக்கமும் பாருங்கள். ராங் சைடில் வரும் பைக்குக்கு எந்த விதிமுறையும் தெரியாது.

நேருக்கு நேர் வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளப்பது யாருக்குமே கடினம், ஏனென்றால் அது பக்கவாட்டில் நகர்வதில்லை. சிறிதாக இருந்தது திடீரென்று பெரிதாகிறது. இரவில் ஒற்றை விளக்கு பைக் எப்போதும் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். ஆகவே தூரத்துக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். இரு வழிச் சாலை 7 மீட்டர்; கடக்க 6 நொடி. 50-ல் வரும் வண்டி 6 நொடியில் 83 மீட்டர் வந்துவிடும். நகரத்தில் தெருவிளக்குக் கம்பங்கள் ஏறத்தாழ முப்பது மீட்டருக்கு ஒன்று இருக்கும். மூன்று கம்பத்துக்குள் வண்டி வந்துவிட்டால், அது வேகம் குறைப்பது தெரியும்வரை இறங்காதீர்கள்.

இறங்கும் முன் கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டுவது நல்ல பழக்கம். அதையும் வண்டி நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும்போதே காட்ட வேண்டும். பத்து மீட்டரில் கையைக் காட்டிக்கொண்டே இறங்குவது வேண்டுகோள் இல்லை, சூதாட்டம். இறங்கிய பின் ஒரே சீரான வேகத்தில், நேர்க்கோட்டில், கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு நடக்க வேண்டும். நடுவில் தயங்கிப் பின்வாங்குவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. உங்களுக்குப் பின்புறமாக ஒதுங்கிப் போகலாம் என்று அதற்குள் திருப்பிவிட்ட ஓட்டுநரின் பாதையில்தான் நீங்கள் பின்னடி வைக்கிறீர்கள். குழந்தையோடு போனால் கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். விரல் நழுவும், மணிக்கட்டு நழுவாது.

இரவில் இன்னொன்று. ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளியில் (லோ பீம்) கறுப்பு, அடர்நீல உடை அணிந்தவர் முப்பது மீட்டர் அளவில் வரும்போதுதான் கண்ணுக்குப் படுவார். 60-ல் வருகிற வண்டி நிற்க 45 மீட்டர் வேண்டும் என்று மேலே பார்த்தோம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள 15 மீட்டரில்தான் உயிர் போகிறது. வெள்ளைத் துண்டு, வெளிர் நிறச் சட்டை, கைப்பேசி டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடிப்பது எல்லாமே உதவும். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு. சிறுவயதில் 'இடப்பக்கம் செல்' என்று கற்றவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். அந்தப் பாடம் வண்டிகளுக்கு உரியது.

சிக்னலில் எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அங்குள்ள பெரிய பிரச்சினை 'ஃப்ரீ லெஃப்ட்'. இடதுபுறம் திரும்புகிறவரின் கண் முழுவதும் வலப்பக்கம் இருக்கும், அங்கிருந்து வரும் வண்டிகளில் இடைவெளி தேடி. அவருடைய இடப்பக்கத்து நடைபாதையிலிருந்து பச்சை மனிதனைப் பார்த்து இறங்கும் பாதசாரியை அவர் பார்ப்பதே இல்லை; பார்த்தாலும் காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் மறைக்கும். திரும்பும் முன் தலையை இடப்பக்கம் ஒருமுறை முழுதாகத் திருப்பிப் பார்ப்பதை ஓட்டுநர் பயிற்சியில் கட்டாயமாக்க வேண்டும். சிக்னல் அமைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 14 மீட்டர் சாலைக்கு, இறங்கத் தொடங்க 7 நொடியும் நடக்க 12 நொடியும் சேர்த்து 19 நொடி தேவை. பத்து நொடி கொடுத்துவிட்டு 'மக்கள் சிவப்பில் கடக்கிறார்கள்' என்று குறை சொல்வதில் பயனில்லை. காத்திருப்பு அரை நிமிடத்தைத் தாண்டினாலே ஆட்கள் இடைவெளி தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு மேல் வைத்தால் சிக்னலே அவர்களைச் சாலையில் தள்ளுகிறது.

மீதிப் பொறுப்பு உள்ளாட்சிகளுடையது. சாதாரணப் பெயின்டில் போட்ட ஜீப்ரா கோடு சில மாதங்களில் தேய்ந்துவிடும். உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக், 2.5 மில்லிமீட்டர் கனத்தில், கண்ணாடி மணிகள் தூவிப் போட்டால்தான் இரவில் விளக்கொளிக்குப் பளிச்சிடும். கோட்டின் ஒரு முனை சாக்கடைத் தொட்டியில் முடிவதும், நடுவே மீடியன் உடைக்கப்படாமல் இருப்பதும், மறுமுனையில் ஆட்டோ நிறுத்தம் இருப்பதும் நாம் தினமும் காணும் காட்சி. கோட்டை அப்படியே சாலை மட்டத்துக்கு மேலே மேடையாக உயர்த்திப் போட்டால் வேகத்தடையும் கோடும் ஒன்றாகிவிடும். ஓட்டுநரின் பெருந்தன்மையை நம்பியிருக்கத் தேவையில்லை.

நடைபாதைக்கு, சாலை அமைப்புத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு தெளிவாகவே இருக்கிறது: தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலை இடிக்காதபடி தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரம், விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல். முழங்கால் உயரத்துக்கு நடைபாதை கட்டி, பத்தடிக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால், மூத்தவர்கள் சாலையில்தான் நடப்பார்கள். நடைமேம்பாலமும் அப்படித்தான். லாரி போக ஐந்தரை மீட்டர் உயரம் விட்டால், ஏற முப்பத்தைந்து படிக்கு மேல், இறங்க இன்னொரு முப்பத்தைந்து. கீழே 12 நொடியில் கடக்கக்கூடிய சாலைக்கு இத்தனை படி ஏறச் சொல்லிவிட்டு, ஏறாதவர்களைச் சோம்பேறிகள் என்கிறோம். பாதுகாப்பான நடைபாதையைப் பயன்படுத்துவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் வந்த தீர்ப்பு அது.

கடைசியாக உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். அவர்களில் பலரைப் பற்றி வந்திருக்கக்கூடிய செய்தி, 'சாலையைக் கடக்க முயன்றபோது அடையாளம் தெரியாத வாகனம் மோதி உயிரிழந்தார்' என்ற ஒரு வரிதான். 'கடக்க முயன்றபோது' என்ற சொல்லே தவறு கடந்தவருடையது என்று படிப்பவர் மனத்தில் எழுதிவிடுகிறது. அந்த வரியோடு உங்கள் செய்தியாளர்கள் மூன்று தகவல்களைச் சேர்த்தால் போதும்: அந்த இடத்திலிருந்து ஜீப்ரா கோடு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது, தெருவிளக்கு எரிந்ததா, அந்தச் சாலையின் வேக வரம்பு என்ன. ஒரே சந்திப்பின் பெயர் மூன்று முறை வந்தால் அங்கே என்ன கோளாறு என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

'அடையாளம் தெரியாத வாகனம்' என்று வரும் செய்திகளில் இன்னொரு வரியும் சேர்க்கலாம். வண்டி பிடிபடாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலேயே முதல் தகவல் அறிக்கையின் நகலை மடித்துப் பெட்டியில் வைத்துவிடும் குடும்பங்கள் ஏராளம்.

இங்ஙனம்,
சாலைப் பாதுகாப்புப் பயிற்றுநர்கள்,
திருச்சி